டோலிக்கு முன்தோள்

நெல்லிவாசல்நாட்டில் ரோடு எட்டாத ஒரு மலைக்கிராமத்தில், டோலிக்கு முன்தோள் கொடுப்பது முப்பது வருஷமாகக் குப்பனின் உரிமை. மூங்கிலில் போர்வையைக் கட்டி, நோயாளியை அதில் கிடத்தி, ஜீப் நிற்கும் இடம் வரை ஐந்து கிலோமீட்டர் இறக்கத்தில் சுமக்க வேண்டும். இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னால் இருப்பவன்மேல்தான் சாயும். சாமை விளைந்தாலும் விளையாவிட்டாலும் அந்த இடத்துக்கான மரியாதை மட்டும் அவருக்கு விளைந்துகொண்டிருந்தது.

அறுபத்து நான்காம் வயதில் அதுவும் போயிற்று. ஒரு பிரசவத்துக்கு டோலி கட்டியபோது, சிவசங்கர் என்கிற இளைஞன் மூங்கிலின் முன்முனையைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மாமா, நீங்க பைய எடுத்துனு வாங்க."

பையில் இருந்தது குழந்தைத் துணி. அதைச் சுமந்தபடி குப்பன் ஐந்து கிலோமீட்டரும் நடந்தார். ஒருவராவது கேலி செய்திருக்கலாம். பாவம் பார்த்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் நடந்த மருத்துவ முகாமில், பிரியதர்ஷினி என்ற பிசியோதெரபிஸ்ட் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். ஏழாவது தடவையிலேயே தொடை உதறியது.

"வயசானா தசை கரையும்ங்க ஐயா. வேலை குடுத்தா இந்த வயசுலயும் திரும்ப ஏறும். பாரத்தோட ஏறுங்க, பாரத்தோடவே எறங்கவும் பழகுங்க. ரெண்டும் வேற வேற வேலை."

முதல் பாதி போதும் குப்பனுக்கு. இறங்குவதெல்லாம் ஒரு வேலையா? ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் வாங்கவில்லை. மலையில் பிறந்தவருக்குக் கீழ்நாட்டுப் பெண் பாடம் எடுக்கிறாளாம். விடிந்ததும் ஒரு கோணியில் கல்லை நிரப்பி முதுகில் சுமந்து கரட்டு உச்சிக்கு ஏறுவார். கல்லை அங்கேயே கொட்டிவிட்டுக் கைவீசி இறங்குவார். மூன்று மாதத்தில் தொடை இறுகியது.

"இன்னாத்துக்குயா இந்தப் பாடு? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்றாள், முகாமுக்கும் கூட வந்திருந்த மனைவி சுந்தரம்மாள்.

ஐப்பசியில் சுந்தரம்மாளுக்கே கடும் வயிற்றுவலி வந்தது. டோலி கட்டினார்கள். முன்முனையைத் தூக்கப்போன சிவசங்கரின் கையைக் குப்பன் தட்டிவிட்டார்.

"எம் பொண்டாட்டிடா. நான்தான் முன்னாடி."

சிவசங்கர் சுந்தரம்மாளைப் பார்த்தான்.

"வுடு தம்பி, புடிக்கட்டும்" என்றாள். அந்த வலியிலும் புருஷனின் மானம் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

முதலில் ஒரு சின்ன ஏற்றம். குப்பன் இளவட்டம் மாதிரி ஏறினார். பின்தோளில் வந்த சிவசங்கருக்குத்தான் மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் மனைவியின் முனகல்கூட அவர் காதில் விழவில்லை. பிறகு இறக்கம் வந்தது. ஒவ்வோர் அடியிலும் பாரம் முன்னால் தள்ள, அதைத் தொடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் கால் உதற ஆரம்பித்தது. தோள் மாற்றச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இன்னும் பத்தடி போனதும் முட்டி மடங்கியது. டோலி பாறையில் மோதி, சுந்தரம்மாளின் இடுப்பெலும்பு முறிந்தது.

சிவசங்கர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, வேறொருவனைப் பின்னால் நிறுத்தித் தூக்கிக்கொண்டு போனான். வளைவு திரும்பிய பிறகும் அவள் அலறல் கேட்டது.

வயிற்றுவலி ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் சரியாயிற்று. இடுப்பு சரியாகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்து, அவள் கால்கள் வற்றி எலும்பும் தோலுமாயின. கழிப்பறை வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. காலையும் மாலையும் குப்பன் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி இறங்குகிறார், ஏந்தி ஏறுகிறார்.

அப்படியே ஆறு மாதம் போயிற்று. ஒருநாள் காலை, பாதிச் சரிவில் அவள் கேட்டாள்.

"இப்போ கால் உதறலையேயா?"

"இல்ல."

"எறங்குறதுக்கு இப்பத்தான் பழகிக்கினியா?"

குப்பனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. கால்கள் மட்டும் கொஞ்சமும் தடுமாறாமல் இறங்கின.