எண்ணூர் சேற்றில் நாற்பத்துநான்காவது படம்

ஞாயிறு, பிற்பகல் 1.50. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். எண்ணூருக்கு ஐந்து ரூபாய். மழைக்காடுகளைப் பற்றிப் படம் காட்டிப் பேசுவதற்காக நான் மேற்கொண்ட பயணங்களிலேயே மலிவானது இதுதான். பையில் மடிக்கணினி, இரவல் புரொஜெக்டர், நாற்பத்துமூன்று படங்கள். சோலைமந்தி, இருவாச்சிப் பறவை, வரையாடு எல்லாம் உண்டு. கடைசியாக, அட்டை கடித்த என் கால். கைதட்டல் எப்போதும் காலுக்குத்தான் அதிகம்.

பேசின் பிரிட்ஜில் வண்டி நின்று வெகுநேரம் யோசித்தது. திருவொற்றியூர் தாண்டியதும் ஜன்னலோரக்காரர்கள் கேட்காமலே ஜன்னலை இறக்கினார்கள். காற்றில் இருந்த வாசனை அவர்களுக்குப் பழக்கம். எனக்கு இருமல்.

2.45. எண்ணூர் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்னா பொட்டி சார் அது?" என்றார் ஓட்டுநர்.

"புரொஜெக்டர். காட்டு மிருகங்களப் பத்திப் பேசப் போறேன்."

"குப்பத்துலயா?" கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அங்க தண்ணிதான் கீது நைனா."

அழைப்பு வந்தபோதே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அழைத்தவர் தேசம்மா. ஐம்பது வயதிருக்கும். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். நான் பேசிய ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர் இவருக்கு உறவாம். 'அழியற உசிருங்களப் பத்திப் பேசறவரு' என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். நான் விஷயம் தெரிந்தவன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

3.30. சமுதாயக் கூடம். முன்வரிசையில் பெண்கள், பின்னால் ஆண்கள், நடுவே உலர்த்தப் போட்டிருந்த வலை. மேற்கு ஜன்னல்களுக்குக் கதவே இல்லை. வெயில் நேராகத் திரையில் விழுந்தது. சோலைமந்தியைப் போட்டேன். திரை வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணுமே இல்லியே சார்," என்றார் தேசம்மாவின் கணவர் ஏழுமலை.

"இருக்குங்க. மரக்கிளையில உக்காந்திருக்கு. வெளிச்சத்துல தெரியல."

"சொல்லிட்டீங்கல்ல, நம்பறோம்."

அடுத்து இருவாச்சி. அதுவும் வெள்ளை. ஒரு மூதாட்டி அது எத்தனை கிலோ நிற்கும் என்று கேட்டார். மூன்று கிலோ வரும் என்றேன். அவ்வளவு பெரியது எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்தார். வரையாட்டோடு நான் மேற்குத் தொடர்ச்சி மலையை முடித்துக்கொண்டேன்.

ஏழுமலை மறுபடி எழுந்தார். "எல்லாம் வெளியூரு ஐட்டமாவே கீதே சார். நம்ம ஆத்துது ஒண்ணு போடுங்க."

என்னிடம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் புரொஜெக்டரை அணைத்தேன்.

பிறகுதான் தேசம்மா விஷயத்தைச் சொன்னார். ஆற்றின் இந்தக் கரையில் மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஓர் அதிகாரி வந்து இங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். ஏற்கெனவே ஒருவர் வந்திருந்தார். 'குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். இவர்கள் மனு மேல் மனு போட்டதில் வரும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு இன்னொருவர் வருகிறார். அவரும் அதையே எழுதினால் இறால் பிடிக்க இடம் இருக்காது.

"மின்ன வந்தவரு எப்ப வந்தாரு?" என்றேன். குப்பத்துக்கு வந்து ஒரு மணி நேரத்தில் என் தமிழும் சற்றுச் சாய்ந்திருந்தது.

"நல்ல ஏத்தத்துல, தண்ணி ஏறி நிக்கச்சொல்ல. கரை மேல நின்னுகினு பாத்தாரு. தண்ணிதான் தெரிஞ்சிது." தேசம்மா திரையைக் காட்டினார். "உங்க கொரங்கு மாதிரிதான் சார். கீது. அவரு வந்த நேரத்துக்குத் தெரில."

4.50. வத்தம். தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே வந்திருந்தது. தேசம்மா ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் பறிக்கு வாய்தான். அந்த நேரம் அவர் பேசாததை ஏழுமலை ரசித்துச் சுட்டிக்காட்டினார். முறைப்பு மட்டும் வந்தது.

வெள்ளை இறால், களி நண்டு, உளுவை, கிழங்கான், மஞ்சள் மட்டி. பறியில் விழ விழ ஏழுமலை பெயர் சொன்னார். நான் முழங்கால் சேற்றில் நின்று எழுதினேன். இருபது ஆண்டுகளாகப் பேசுபவன் நான். முதல்முறையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மஞ்சள் மட்டி மட்டும் இரண்டே இரண்டு. முன்பு காலில் குத்தும் அளவுக்குக் கிடக்குமாம்.

கரையேறியதும் தேசம்மா கை கழுவி, அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், பன்னெண்டு மணிக்கு வெயிலு பேஜாரு. உங்களுக்கு ஒத்துக்காது. ஒம்போதரைக்கே வந்துடுங்க, டிபன் ரெடியா இருக்கும்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கு நல்ல வத்தம், பன்னிரண்டுக்குத் தண்ணீர் ஏறிவிடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மறுமுனை யோசித்தது. டிபன் என்ன என்று கேட்டது. இடியாப்பம், இறால் தொக்கு. வருவதாக ஒப்புக்கொண்டது.

"நீங்களும் வந்துடுங்க சார்," என்றார் என்னிடம். "அவரு கரையிலயே நின்னுட்டா நீங்க மொதல்ல எறங்கணும். படிச்சவங்க எறங்குனாதான் படிச்சவங்க எறங்குவாங்க. பேண்ட்டு வாணாம், கலீஜாயிடும்."

6.20. திரும்பும் ரயில். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்ததால் ஜன்னலோர இடம் தாராளமாகக் கிடைத்தது. மழைக்காட்டுக்குப் போக எனக்கு ஓர் இரவு பஸ்ஸும் அட்டைக்கடியும் தேவைப்பட்டன. என் வீட்டிலிருந்து பார்த்தால் எண்ணூர் பக்கம்தான். ஆனாலும் இத்தனை நாள் இங்கே எட்டிப் பார்க்காத எனக்கும், கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய அந்த முதல் அதிகாரிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

என் காலின் படத்துக்குப் பிறகு இப்போது நாற்பத்துநான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். சேறு, அதில் முழங்கை வரை புதைந்த தேசம்மாவின் கை, வேறொன்றும் தெரியாது. சனிக்கிழமை படம் காட்டும் வேலை இல்லை, சேற்றில் இறங்கும் வேலைதான். பழைய வேட்டி ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.