சக்கரத்தைக் கொடுத்தவன் இன்னும் வரவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவர் சேகரும் கோத்தா திங்கிக்கு வடக்கே உள்ள மலைச்சாலைக்குச் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனோம். வெளிநாட்டுக் குழுக்களும் கலந்துகொள்ளும், பல நாள் நடக்கும் தொழில்முறைப் பந்தயம் அது. சேகரின் தம்பி முகிலன் அதில் ஓட்டினான். சனிக்கிழமை மலைக் கட்டம். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கட்டம், எங்கள் மாசாய் வழியாக, எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரிலேயே போகும். எத்தனையோ வருஷமாக எந்தெந்த ஊரிலோ ஓட்டியவன், சொந்த ஊர்ச் சாலையில் பந்தயம் ஓட்டப் போவது இதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்தார் அவன் பெயரைப் போட்டு பேனரே அடித்துவிட்டார்கள்.

ஆனால் ஞாயிறு ஓட வேண்டுமென்றால் சனிக்கிழமை நேர வரம்புக்குள் வந்து சேர வேண்டும். முதலில் வருகிறவருக்குப் பிறகு இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். நேரில் பார்த்து நாலு கத்து கத்தி உற்சாகப்படுத்தலாம் என்றுதான் கிளம்பினோம். கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்னும் கோபம் தணியவில்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறேகாலுக்கு மாசாயிலிருந்து காரில் புறப்பட்டோம். மலை உச்சி வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கோத்தா திங்கியில் ஒரு தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது வெள்ளி. அதற்கு மேல் சாப்பாட்டுக் கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம்தான். ஒன்பதரைக்குச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் எட்டு மணிக்கே உச்சிக்குப் போய் நிழலாக ஒரு இடம் பிடித்து, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தோம்.

அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. சட்டையில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து, இது பிரமுகர்களுக்கான இடம், எழுந்திருங்கள் என்றார். பின்னாலேயே வெள்ளைக் கூடாரம் வந்தது, குளிர்விசிறி வந்தது, உறை போட்ட நாற்காலிகள் வந்தன. பிரமுகர்கள் மட்டும் கடைசிவரை வரவில்லை. நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு கிலோமீட்டர் கீழே, தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள வளைவில் வெயிலில் நின்றோம். செங்குத்தான இடம். செம்பனை லாரிகள் போய்வந்து, தார் மேலெல்லாம் மட்டை முள் சிதறிக் கிடந்தது. பந்தயம் வரப்போகிற சாலையை ஒரு தடவை கூட்டிவிடக்கூட ஆளில்லை.

இந்த ஏற்றத்தில் இரண்டு சுற்று ஏறி, பிறகு கோத்தா திங்கிக்கு இறங்கி முடிக்க வேண்டும். பதினொன்றரை வாக்கில் முதல் சுற்று வந்தது. போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், அவற்றின் பின்னால் பத்துப் பேர் கொண்ட கூட்டம். அதற்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவது யார்? எங்கள் முகிலன்! நான் போட்ட சத்தத்தில் சேகர் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வளைவிலேயேதான் அது நடந்தது. முகிலனுக்குப் பின்னால் வந்தவன் அவர்கள் குழுவின் நட்சத்திரம், ஒரு வெளிநாட்டுக்காரன். அவன் முன்சக்கரத்தில் முள் ஏறி, காற்று இறங்கிவிட்டது. முகிலன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இறங்கினான், தன் முன்சக்கரத்தைக் கழற்றினான், நீட்டினான். நட்சத்திரம் அதை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டான். முகிலன் ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் காற்றுப் போன சக்கரமுமாக எங்களுக்கு எதிரே நிற்கிறான்.

ஓடிப் போய் சைக்கிளையாவது பிடிக்கலாம் என்று சாலையில் கால் வைத்தேன்.

"அண்ணி, தொடாதீங்க லா! வெளியாளு உதவி பண்ணா எனக்குத்தான் ஃபைன் போடுவாங்க."

"அவன் டயர் போனா நீ ஏன்டா நிக்கணும்?"

"அதான் அண்ணி என் வேலை. அவன ஜெயிக்க வைக்கத்தான் சம்பளம்."

அவர்கள் குழுவின் கார் வந்தது. கூரை மேல் பளபளவென்று சக்கரங்கள். நிறுத்துவார்கள் என்று பார்த்தால், மேனேஜர் சன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டு நட்சத்திரத்தின் பின்னால் பறந்துவிட்டார். பெரிய கூட்டம் எங்களைக் கடந்து போய், அதற்கும் பின்னால், எந்தக் குழுவுக்கும் உதவும் பொதுக் கார் ஒன்று வந்துதான் அவனுக்குச் சக்கரம் கிடைத்தது. சேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம். அந்த ஏற்றத்தில் தனியாக ஏறுவது என்றால் என்ன என்று எனக்கே தெரியும், தண்ணீர் எடுக்க உச்சியில் நின்ற கார் வரை நடந்து ஏறியே மூச்சு வாங்கியவள் நான்.

இரண்டாவது சுற்றில் முன்னால் வந்தவர்களில் நட்சத்திரம் இருந்தான், முகிலனின் சக்கரத்தோடு. பெரிய கூட்டம் போனது. தளர்ந்தவர்கள் ஐந்தாறு பேர் போனார்கள். முகிலன் வரவில்லை. பிறகு கண்ணாடியில் பந்தய ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வேன் வந்தது. கொடி பிடித்து நின்ற மலாய்த் தொண்டர் அதைப் பார்த்ததும் கொடியைச் சுருட்டினார், சாலைத் தடுப்பைத் தள்ளி வைத்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும், அது போனால் சாலையைத் திறக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். வேனிலிருந்து இறங்கியது என்ன தெரியுமா? தொண்டர்களுக்கான சோற்றுப் பொட்டலம்!

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்று மலாயில் சொன்னேன்.

"சுடா ஹாபிஸ், கக்" என்றார். எல்லாம் முடிந்துவிட்டது அக்கா என்கிறார். கையில் பொட்டலத்தைப் பிரித்தாகிவிட்டது.

தோட்டத்து கேட் திறந்து, மூச்சு முட்டச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சாலைக்குத் திரும்பியது. அது ஆமை வேகத்தில் ஏறினால் பின்னால் வருகிறவன் எங்கே போவான்? நான் போய் நடு ரோட்டில் நின்றுகொண்டேன். சேகர் "ஏய், ஏய்" என்றார். பிறகு அவரும் வந்து பக்கத்தில் நின்றார். ஓட்டுநர் தலையை நீட்டினார், நம்ம ஆள்.

"என்னாம்மா, சாவப் போறியா?"

"பின்னால ரேஸ் ஆளு வராரு அண்ணே. நம்ம பையன், எங்க வீட்டுக்காரரு தம்பி. இன்ஜின ஆஃப் பண்ணுங்க."

"முடிஞ்சிருச்சின்னு அவன் சொன்னானே?"

"அவன் சோத்து வேனப் பாத்துட்டுச் சொல்றான்!"

அவர் சிரிக்கவில்லை. லாரியைப் பின்னால் எடுத்து, கேட்டுக்குக் குறுக்கே போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னால் தோட்டத்துக்குள் காத்திருந்த லாரிகள் அடித்த ஹாரன் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முகிலன் வந்தான். தனியாக, உதடு வெளுத்து, உப்புப் பூத்த முகத்தோடு. நிஜமான கடைசி வேன் அவன் பின்னால் ஊர்ந்து வந்தது. தொண்டர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு கொடியைத் தேடினார். லாரிக்காரர் "ஏறு தம்பி, ஏறு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து கோத்தா திங்கியில் முடிவிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நட்சத்திரம் முதலாவதாக வந்து, மேடையில் பூங்கொத்தோடு குழுவுக்கு நன்றி சொல்லி முடித்திருந்தான். பெயர் எதுவும் சொல்லவில்லையாம். முகிலன் வரம்பைத் தாண்டியது இரண்டு நிமிடம். என் கண் முன்னால் அவன் சக்கரமில்லாமல் நின்றது நாலு நிமிடம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மேனேஜரிடம் சொன்னேன். "இதெல்லாம் சகஜம், மேடம்" என்றார். அவருக்குச் சகஜம். நாளைக்குப் பேனரோடு நிற்கப் போவது அவரா?

முகிலன் காரில் ஏறி, "என் வீல் ஃபர்ஸ்ட் வந்துருச்சி லா, அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தான்.

மறுநாள் எங்கள் வீட்டு எதிரே பந்தயம் போனது. பேனரைக் கழற்றலாமா என்று பக்கத்து வீட்டார் தயங்கினார்கள். முகிலன்தான் வேண்டாம் என்றான். முன்னால் போனவர்களைப் பார்த்துவிட்டு சனம் கலைய ஆரம்பித்ததும் அவன் சாலையோரம் இறங்கி, "யாரும் போவாதீங்க, இன்னும் ஆள் இருக்கு" என்று ஒவ்வொருவராகத் தடுத்து நிறுத்தினான். வெகு நேரம் கழித்து ஒருவன் வந்தான், எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாது, முழங்காலில் ரத்தம் ஊறிய கட்டு. எங்கள் வரிசை முழுக்க அவனுக்காகக் கத்தியது. அவன் பேனரைப் பார்த்தான். அது தன் பெயர் இல்லை என்று தெரிந்தும் கையை உயர்த்தினான். கைதட்டி ஓய்ந்து பார்த்தால், முகிலன் தட்டிக்கொண்டே இருந்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உச்சிக்குப் போகாதீர்கள், விரட்டிவிடுவார்கள். வளைவில் நில்லுங்கள். தண்ணீர், குடை, சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள். நட்சத்திரம் போனதும் காரை நோக்கி ஓடாதீர்கள். எந்த வேன் கடைசி வேன் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் யாராவது தடுப்பைத் தள்ளினால், போய் நடு ரோட்டில் நில்லுங்கள். பின்னால் ஒருத்தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருப்பான்.