மதாமின் யப்பான் கிண்ணம்

மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் காலைகளில் கீழ்வீட்டு மதாம்தான் அவளைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் அவரே. கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க ஒரு வருடமாவது ஆகும் என்றிருந்தார்கள்.

பிள்ளைக்குச் சளி என்று ஒருநாள் சூப் கொடுத்துவிட்டார். நீலமும் சிவப்பும் பொன்னும் தீட்டிய பீங்கான் கிண்ணம். "அம்மாவுடையது, யப்பான்" என்று முன்பே காட்டியிருந்தார். கழுவும்போது பொன் கோடுகள் மங்கித் தெரிந்தன. அப்படியே திருப்பிக் கொடுப்பது மரியாதையா என்று யோசித்து, பித்தளைக்குச் செய்வதுபோல் பழப்புளி வைத்துத் தேய்த்தேன். அலம்பியபோது நடுப்பூவின் பொன் இதழ்களைக் காணவில்லை.

டோர்வலில் வேலை முடித்து வந்த கணவரிடம் காட்டினேன்.

"குத்துவிளக்கெண்டு நினைச்சீரோ?"

"பகிடி விடாதேங்கோ. இனிப் பிள்ளையைப் பாக்கமாட்டன் எண்டு அவ சொன்னால்?"

"வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கிறேல்லைத்தானே. கேசரியைப் போட்டு மூடிக் குடும். பேந்து பாப்பம்."

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். நீலம் பீங்கானின் கண்ணாடி மெருகுக்கு அடியில் இருக்குமாம். சிவப்பையும் பொன்னையும் மெருகின் மேல் தீட்டி மறுபடி சுடுவார்களாம், அதனால் தேய்ந்துவிடுமாம். யப்பானியப் பாணியைப் பார்த்துச் சீனர்கள் ஏற்றுமதிக்குச் செய்தவற்றின் படங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று மதாமின் கிண்ணமேதான். 'அப்பாடா, யப்பான் இல்லை' என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே வெட்கமாகிவிட்டது.

கேசரி கிண்டி, பூவை மூடி, கீழே கொண்டுபோனேன். மதாம் அங்கேயே கரண்டியை எடுத்தார். இரண்டு வாய் ஆயிற்று.

"மதாம், பொறுங்கள்" என்றேன், தெரிந்த பிரெஞ்சில். "பூவை நான் அழித்துவிட்டேன். புளியால் தேய்த்தேன்."

கேசரியை ஒதுக்கி விரலால் தடவினார்.

"புளியா? சாப்பிடுகிற புளியா?"

தலையாட்டினேன்.

"அம்மா இதை எங்களைத் தொடவே விடமாட்டார். யப்பானிலிருந்து வந்ததல்லவா."

சீனா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் குறையப்போவது அவருடைய இழப்பா, என் குற்றமா? விழுங்கிவிட்டேன்.

"நாளைக்கு வகுப்பு உண்டா?" முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உண்டு."

"எட்டரைக்குப் பிள்ளையைக் கொண்டுவா. இனிக் கிண்ணத்தை நான் கழுவிக்கொள்கிறேன்."

மீதிக் கேசரியைப் பிறகு சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.