மூடுபனியில் படகை இழுத்த தோமான்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பூச்சோங்கில் டயர் கடை வைத்திருக்கிறேன், கையால் தொட்டுப் பார்க்க முடிந்ததை மட்டும்தான் நம்புவேன். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்கே தெரியும். சிரியுங்கள், ஆனால் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

என் தோழி நூர்ஜஹானுக்குக் கிள்ளானில் துணிக்கடை. இரண்டு பேருக்கும் தூண்டில் பைத்தியம். ரவாங்கைத் தாண்டி வடக்கே, மலைக்கு மேலே ஓர் அணைக்கட்டு ஏரி இருக்கிறது, போன் லைன்கூடக் கிடைக்காது. அங்கே தோமான் உண்டு. நம் விரால் ஜாதிதான், ஆனால் ஆள் தொடை அளவுக்கு வளரும். எத்தனையோ வருஷமாகப் போகிறேன், ஒன்றுகூட என் தூண்டிலில் மாட்டியதில்லை, வீட்டில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள்.

அன்றைக்கு மாரியண்ணனிடம் வாடகைப் படகு எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போனோம். மத்தியானம், நல்ல வெயில். உயிரோடு ஒரு குட்டி மீனை முள்ளில் கோத்துப் போட்டேன், அவ்வளவுதான், மலையிலிருந்து பனி இறங்கி எதிரே உட்கார்ந்திருந்த நூர்ஜஹானின் முகமே மறைந்துவிட்டது. திரும்பலாம் என்றால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. முந்தின நாள் மழையில் ஏரி நிரம்பி அணையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, படகு தானாக அந்தப் பக்கம் நகர, கொட்டுகிற இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. துடுப்பு இருந்தது, ஆனால் மலையில் மோதி இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்டால் எந்தப் பக்கம் தள்ளுவது?

அப்போதுதான் தூண்டில் வளைந்தது. நம்பினால் நம்புங்கள், படகின் மூக்கே திரும்பியது.

"வெட்டி விடு சரோ, படகு கவுந்துரும் லா." நூர்ஜஹான் கத்தியை எடுத்தேவிட்டாள்.

"இரு நூரு. இது இழுக்கிற பக்கம் போகப் போக சத்தம் குறையுது, கேட்டியா?"

அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் முழங்காலைப் படகில் முட்டுக்கொடுத்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தும் தூண்டிலை விடவில்லை. மாட்டிய மீன் அங்குமிங்கும் ஓடும், முங்கும், துள்ளும். இது அப்படி எதுவும் செய்யவில்லை, நேராக ஒரே போக்கில் போனது. பனிக்குள் படகுத்துறையின் மரக்கால்கள் தெரிந்தபோது, தூண்டில் லைன் தளர்ந்தது. சுற்றினேன், எடை ஏறி வந்தது, நூர்ஜஹான் வலையைப் போட்டு அள்ளினாள். தோமான், என் கை நீளத்துக்கு! நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில் மாரியண்ணன் ஓடி வந்தார். உயிரோடு வந்தோம், வெறுங்கையோடு வரவில்லை, எனக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது.

மாரியண்ணன் மீனைத் தூக்கிப் பார்த்தார், செவுளை விரித்தார், முகம் மாறியது.

"அக்கா, இது இன்னைக்குச் செத்த மீன் இல்ல."

செவுள் வெளுத்திருந்தது. கண் குழிந்திருந்தது. உடம்பு விறைத்துக் கட்டையாகக் கிடந்தது. நீரில் மிதந்த செத்த மீனில் தூண்டில் சிக்கியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் இரண்டு பெண்கள் உட்கார்ந்த படகை எது இழுத்தது?

அதைக்கூட விடுங்கள். எத்தனை கேலிக்கு நடுவிலும் நான் பிடித்த தோமான் அதுதான், இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். ஆனால் முள்ளைக் கழற்ற அதன் வாயைப் பிளந்தபோது, தொண்டைக்கு உள்ளே, ஆழத்தில், நான் கோத்துப் போட்ட குட்டி மீன் இருந்தது. அது மட்டும் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.