பந்துத் துரையின் மைதானம்

இன்று மருந்துக்கடையில் யாரோ நீலகிரித் தைலக் குப்பியைத் திறந்ததும் பந்துத் துரையின் நினைவு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ரக்பி ஆடி முழங்கால் ஒடிந்து, பிறகு எங்கள் மதுரையில் ஒரு மில்லின் விளையாட்டுகளை மேற்பார்வை பார்க்க வந்த வெள்ளைக்காரர். இன்று வரிசையாக வீடுகள் நிற்கும் வைகைக் கரை மைதானத்தில், தைலம் மணக்க, காலை இழுத்து நடந்தபடி, அந்த முட்டை வடிவப் பந்தைப் பிடிக்கவும் எதிராளியை மோதிச் சாய்க்கவும் மில் தொழிலாளிகளுக்குச் சாயங்காலந்தோறும் சொல்லிக்கொடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் என் அண்ணன் காதர் அப்படி மோதி விழுந்ததில் கழுத்து முறிந்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். அடக்கம் முடிந்த மறுநாள், துரை தனியாளாக மைதானத்துக் கோல் கம்பங்களைப் பிடுங்கத் தோண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மா சிறுமியான என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள்.

“இனிமேல் இங்கே ஆட்டம் வேண்டாம், அம்மா,” என்றார் துரை, தலை நிமிராமல்.

“எம்புள்ளைய மண்ணுல வச்சாச்சு. அவன் அம்புட்டு ஆசையா ஆடுன எடத்தையும் எதுக்குத் தொரை அழிக்கிறீக?”

துரை கடப்பாரையைப் போட்டுவிட்டு, அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதார். அம்மா காத்திருந்தாள். அவர் எழுந்து கம்பத்தைச் சுற்றித் தோண்டிய குழியில் மண்ணைத் திரும்பத் தள்ளத் தொடங்கியதும், அவளும் பக்கத்தில் போய் நின்று, கம்பத்தின் அடியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினாள்.