ஆறு மணி அடித்தபோது ரிக்கி பாடிக்கொண்டிருந்தார்

போன ஞாயிற்றுக்கிழமை, எண்பது வயதுக்காரர் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக நாகர்கோவிலிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

என்ன குற்றம்? பாடுவது. அதாவது — பாடாமலே பாடுவது.

பெயர் ரிக்கி. 1960-களில் கோட்டாற்றுக் கல்யாணம் என்றாலும், கடற்கரை ஊர்த் திருவிழா என்றாலும் ரிக்கி வந்தாக வேண்டும். இறுக்கமான பேண்ட், கழுத்தில் கிடார், இங்கிலீஷ் மெட்டுக்குத் தானே எழுதிய தமிழ்ப் பாட்டு. நோட்டீஸில் 'பாப் ரிக்கி' என்று போடுவார்கள். ஞானஸ்நானப் பெயர் ராயப்பன். (இரண்டு பெயருமே நான் மாற்றியவைதான். ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.)

இப்போதும் மேடை ஏறுகிறார். வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. குரல் அப்படியே இருக்கிறது. அதுதான் எனக்கு இடித்தது. எனக்குத் தெரிந்த எண்பது வயதுக்காரர்களுக்கெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இவர் மட்டும் உச்சத்தில் நின்றுகொண்டு கை வீசுகிறார்... எப்படி?

என்னிடம் பதில் ரெடியாக இருந்தது. பழைய ரெக்கார்டிங். பென் டிரைவில் ஏற்றி வைத்திருப்பார்கள். கீபோர்டுக்காரர் பட்டனை அமுக்குவார், இவர் வாயை அசைப்பார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். தோவாளையில் பிச்சிப்பூ வாங்கினால் குவியலுக்குள் கையை விட்டு, நேற்றைய பூ கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வீட்டுக்குள் விடமாட்டேன். "ஒங்களுக்கு முன்னால சாமியே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்பீங்க" என்பாள் என் மனைவி.

வின்சென்ட் எனக்கு இருபது வருஷமாக மீன் கொண்டுவருகிற நண்பன். ரிக்கியின் ஊர்க்காரன். அவன் மீனையும் நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. வீடியோவைக் காட்டி என் சந்தேகத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மக்கா, எனக்க மீனத்தான் நம்ப மாட்ட. மனுசனையாவது நம்பு டே. ஞாயித்துக்கெழம எங்க கோயில் திருவிழாவுக்கு வா. ஒனக்க கண்ணால பாரு."

போனேன். கோயில் முற்றத்தில் மேடை. ஆறரை மணித் திருப்பலிப் பூசைக்கு முன்னால், நாலரை மணியிலிருந்து கச்சேரி. ரிக்கி வந்தார். வெள்ளைக் கோட்டு, கூலிங்கிளாஸ், சாயம் பூசிய கிருதா. காலில் மட்டும் ஒன்றும் இல்லை. கோட்டுப் போட்டவர் ஏன் வெறுங்காலில் வருகிறார்? முதல் சந்தேகம்.

பாட ஆரம்பித்தார். சொல்லக்கூடாது, அசத்தினார். முன்வரிசைப் பெண்கள் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார்கள். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள் — எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி! குழந்தைகள், கிழவர்கள், வலைக்கார ஆண்கள், எல்லாரும். இப்படி ஒரு கைதட்டலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யாரோ சொல்லிக்கொடுத்த கைதட்டல். இரண்டாம் சந்தேகம்.

மூன்றாவதுதான் பெரியது. முன்வரிசை ஓரத்தில் ஓலை விசிறியோடு ஓர் அம்மா. ரிக்கியின் மனைவி, லூர்து அக்கா. விசிறி இடப்பக்கம் போனால் பாட்டு ஆரம்பம். மேலே போனால் பாட்டு முடிவு. நடுவில் முழங்காலில் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மா ஒரு தடவைகூடத் தனக்கு விசிறிக்கொள்ளவில்லை. ஆபரேட்டருக்கு சிக்னல்! வேறென்ன?

நைசாகப் போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் தெனமும் சாதகம் பண்ணுவாரா அக்கா?"

"ம்" என்றார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விசிறி நல்லா இருக்கே. எங்க வாங்கினது?"

"தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இரியுங்க. மணி ஆறாகப் போவுது."

நான் சும்மா இருந்தேனா? மேடையில் ரிக்கி தன் பேர்போன பாட்டின் கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டார். அதற்கு வாத்தியம் கிடையாது. கண்ணை மூடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பாடுவார். அறுபதுகளின் ஸ்டைல். முதுகைக் காட்டுவது ஏன் என்று எனக்குத் தெரியாதா? வாயை யாரும் பார்க்கக்கூடாதல்லவா! அவர் திரும்புவதற்குள் போனை எடுத்து அந்த வாட்ஸப் வீடியோவை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அக்கா, இந்தக் குரல் எந்த வருஷம் எடுத்தது? வாயும் பாட்டும் ஒட்டவே இல்லையே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி இல்லாமல் போனுக்கு மேல் குனிந்தார். விசிறி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மேடையில் ரிக்கி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை மூடித் திரும்பிக்கொண்டார்.

அப்போது கோயில் மணி அடித்தது.

கடற்கரை ஊர்களில் ஆறு மணி என்றால் மூவேளைச் செபம். மணி விழுந்தால் வலை பின்னுகிற கை நிற்கும், கடையில் வியாபாரம் நிற்கும். மைக் செட்காரர் சட்டென்று மெயின் சுவிட்சை அணைத்தார். வாத்தியக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கூட்டம் முழுக்கத் தலைகுனிந்தது.

ரிக்கி பாடிக்கொண்டே இருந்தார்.

மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பென் டிரைவ் இல்லை. அந்தக் குரல் மட்டும் மணிச் சத்தத்துக்கு நடுவே வந்தது. லேசாகக் கரகரத்தது. ஆனால் சுருதி ஒரு நூல்கூட விலகவில்லை. 'நீ திரும்பிப் பார்த்தால் போதும்' என்பது மாதிரி ஒரு காதல் வரி. மாதாவுக்குச் செபம் சொல்கிற நேரத்தில், ஒரு கத்தோலிக்கர், கோயில் முற்றத்தில் நின்றுகொண்டு!

என் சந்தேகம் அந்த நொடியே செத்தது. அது சொந்தக் குரல். அப்படியானால் ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறார்?

லூர்து அக்காவைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. குனிந்து தரையைத் துழாவி விசிறியைத் தேடினார்.

"அவருக்கு ரெண்டு வருசமா காது சுத்தமா கேக்காது தம்பி" என்றார், உதடு மட்டும் அசைய. "மேடப் பலகையில வெறுங்கால வச்சு ட்ரம்ஸ் அதிர்வப் பிடிக்காரு. மிச்சமெல்லாம் நான் காட்டுகதுதான். ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும்ங்கது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிட்டா... இனி மேட ஏறமாட்டாரு."

வெறுங்கால், விசிறி, தலைக்கு மேலே தூக்கிய கைகள்... கேட்காதவருக்குக் கைதட்டலைக் காட்ட வேண்டுமல்லவா? எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. எல்லாவற்றையும் துப்பறிந்த மேதாவி, கடைசியில் அந்த அம்மாவின் கையிலிருந்து விசிறியைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

பாட்டை முடித்துவிட்டு ரிக்கி சிரித்துக்கொண்டே திரும்பினார். குனிந்த தலைகளைப் பார்த்தார். கோபுரத்தில் ஆடிக்கொண்டிருந்த மணியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சிலுவை போட்டார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

செபம் முடிந்ததும் யாரும் அசையவில்லை.

பங்குச் சாமியார்தான் முதலில் மேடை ஏறினார். ரிக்கிக்கு நேர் எதிரே நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி, கோபுரக் கடிகாரத்தைக் காட்டி, இரண்டு விரலை நீட்டிச் சொன்னார்.

"கடிகாரம் ரெண்டு நிமிசம் முந்திப் போவுது! பாட்டு முடிய முன்னாலயே மணிய அடிச்சுப் போட்டான்!"

கீழே மணிக்கயிற்றைப் பிடித்திருந்த கோயில்பிள்ளை, பாவம், ஒரு விநாடி விழித்தார். பிறகு புரிந்துகொண்டு தலையில் படார் படாரென்று அடித்துக்கொண்டார்.

"ஆமா அண்ணே! எனக்க தப்பாக்கும்!"

"அந்த மெஷின ரிப்பேருக்குக் குடுன்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு!" என்று வின்சென்ட்டும் சேர்ந்து கத்தினான். கூட்டமே கோயில்பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தது.

நான் என் வாட்ச்சைப் பார்த்தேன். கோயில் கடிகாரம் அவ்வளவு துல்லியம். ஒரு விநாடிகூட முந்தவில்லை.

ரிக்கி எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது. குவியலுக்குள் கையை விட்டுப் பூப் பார்க்கிற பார்வை. கூட்டத்தில் வெளியூர் முகம் ஒன்றுதான். மேடையிலிருந்து இறங்கி, என் மணிக்கட்டைப் பார்த்தபடியே நேராக என்னை நோக்கி வந்தார்.

எனக்குக் கிடைத்தது பத்து அடி தூரம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வாட்ச் திருகை இழுத்து, குத்துமதிப்பாகப் பின்னால் திருப்பினேன். வாழ்க்கையில் நான் யாரையும் இப்படி ஏமாற்றியதில்லை.

"தம்பி, மணி என்ன?"

கையை நீட்டினேன். கோபுரத்தில் மணி ஆறு ஏழு. என் வாட்ச்சில் ஆறு ஐந்து.

கோபுரத்தைப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன் — பதற்றத்தில் திருகை உள்ளே தள்ள மறந்திருக்கிறேன். விநாடி முள் ஓடாமல் நிற்கிறது.

ரிக்கி தன் கட்டைவிரலால் அந்தத் திருகை மெல்ல உள்ளே அமுக்கினார். முள் ஓட ஆரம்பித்தது. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கோயில்பிள்ளையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஏலே, ஒனக்க கடிகாரத்தக் கொண்டு கடல்ல போடு!"

ஊரே சிரித்தது. லூர்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிறியை எடுத்தார். திருப்பலிக்கு முன் இன்னும் ஒரு பாட்டுக்கு நேரம் இருந்தது. ரிக்கி மேடை ஏறினார், கூலிங்கிளாஸை மாட்டினார், பாடினார்.

பாட்டு முடிந்ததும் நானும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு எப்படித் தூக்குவான்?