பழனிக்கென்று வைத்த வேட்டி

பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது தமயந்தியின் வீடு. கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டிப் படுக்கை விரிப்பது அவள் வேலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இலங்கையில் சண்டை மூண்ட மறு வருடம், வவுனியாப் பக்கத்திலிருந்து புருஷனோடும் கைக்குழந்தையோடும் தலைமன்னார் வரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலிலும் வந்து சேர்ந்தவள்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மகன் பழனிக்குமார் ஜீப்புக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்ட உள்ளே வந்தான். விடாத மழையில் வீட்டில் ஒரு துணியும் காயவில்லை. தமயந்தி டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த வெள்ளை வேட்டியை உருவினாள். பழனியில் இவனுக்கு முதல் முடி இறக்கும்போது ஏந்திக்கொள்ள என்று இலங்கையிலிருந்தே கொண்டுவந்தது. அப்போது ஏனோ அவள் புருஷன் பொன்னுச்சாமி அடிவாரத்தில் வேறு வேட்டி வாங்கிவிட்டார். இது தண்ணீர் படாமலே தங்கிப்போனது.

அவசரமாக ஒரு துண்டு கிழித்து, அயோடின் டிஞ்சரில் நனைத்து, மகன் கையில் சுற்றினாள். சுற்றிய துணியில் கருநீலமாக எழுத்துகள் எழும்பி வந்தன.

"என்னம்மா இது? அச்சுப் போட்ட துணியா?" என்றான் அவன்.

தமயந்தி மீதி வேட்டியைத் தரையில் விரித்து, பாட்டிலில் இருந்ததை அப்படியே கவிழ்த்தாள். மருந்து பரவப் பரவ வரிகள் வந்தன. பாலத்தடி முகாம். லாரி ஆறு. காவல் மாறுவது விடியுமுன். 'று'வின் வாலை அவ்வளவு நீளமாக இழுக்கிறவர் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான்.

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமியின் மடியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இது என்ன?"

அவர் டிவியை அணைத்தார். "இத எதுக்கு எடுத்த?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

சொன்னார். இலங்கையில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை அவருக்கு. எதிர்ச் சாரியில் ராணுவ முகாம். ராணுவத்தை எதிர்த்த இயக்கப் பையன்கள் தகவல் கேட்டார்கள். கண்ணில் பட்டதை எழுதிக் கொடுத்தார். சோற்றுக் கஞ்சியைத் தொட்டு வேட்டியில் எழுதினால், காய்ந்த பிறகு ஒன்றும் தெரியாது. டிஞ்சர் பட்டால் மட்டும் தெரியும். இந்தக் கரையில், மண்டபம் முகாமில் ஒருவன் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவன் வரவே இல்லை.

தமயந்திக்கு அந்த ரயில் பயணம் கண் முன் வந்தது. மதவாச்சி ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரன் ஒருவன் அவள் பெட்டியைக் கிளறினான். இதே வேட்டியை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குழந்தை வீறிட்டதும் அதன் மேலேயே வேட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்தான். நல்ல மனுஷன் என்று இத்தனை காலம் அவனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"மடியில புள்ளைய வச்சிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"சொல்லியிருந்தா ஒன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும், புள்ள."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"கந்தம்மா?" என்றாள்.

பொன்னுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

கந்தம்மாள் அங்கே பக்கத்து வீட்டுக்காரி. அதே ரயிலில், அதே பெட்டியில் வந்தாள். அவளை மட்டும் பட்டாளத்துக்காரர்கள் மூட்டையோடு இறக்கிக் கொண்டுபோனார்கள். அவள் புருஷனும் ஐந்து வயது மகள் சுகன்யாவும் பின்னாலேயே இறங்கினார்கள். மாதக்கணக்காகத் தேடிவிட்டு, அவள் இல்லாமல்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள்.

"ரெண்டு வேட்டியில எழுதினேன். ஒண்ணு தவறினாலும் ஒண்ணு போய்ச் சேரட்டும்னு. ஊருல சொந்தக்காரருக்குக் குடுக்கணும்னு சொல்லி அவ மூட்டையில வச்சேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எப்படிப் பிடிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல."

தமயந்திக்கு அழுகை வரவில்லை. கைக்கட்டைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்ற மகன் அப்பாவைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. வில்பட்டிக்குக் கிளம்பினாள். சுகன்யா அங்கேதான் காரட் போட்டுப் பிழைக்கிறாள்.

"இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் புள்ள நிம்மதியா இருக்கு" என்றார் பொன்னுச்சாமி.

"நிம்மதியா இருக்குன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

சுகன்யா காரட் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சுகன்யா ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தப்பும் பண்ணாதவள ஏன் பிடிக்கிறான், அவ எனக்குத் தெரியாம என்னமோ பண்ணியிருக்கான்னு சொல்லிச் சொல்லியே அப்பா செத்தாரு, அத்தை. நானும் நம்பிட்டேன். அம்மா போட்டோவக்கூட வீட்டுல மாட்டல."

தமயந்தி அவள் தோளைத் தொடப் போனாள். சுகன்யா விலகிக்கொண்டாள்.

"மாமா வரணும். எங்க சனங்க எல்லாரையும் வச்சிக்கிட்டு, அவரு வாயால சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுச்சாமி தமயந்தியோடு போனார். சுகன்யா வீட்டு வாசலில் நின்று, குரல் உடைய உடைய, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். யாரும் கை ஓங்கவில்லை, ஏசவுமில்லை. உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை. சுகன்யா மட்டும், "அம்மாவ எறக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஜன்னலோரத்துல. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

குழந்தையைத் தேற்றிக்கொண்டிருந்ததில் அன்று அதைக் கவனிக்காத தமயந்திக்கும் அந்த ஒரு பதில் புதிது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.